அரிசியை நிறுத்தினால் எடை இறங்குமா? கீட்டோ, பேலியோ இருந்தவர்கள் வாருங்கள்

#1 கணக்குப்பிள்ளை (தென்காசி)

வணக்கம். நான்கைந்து வருடமாக இங்கே படித்துவிட்டுப் போகிறவன், எழுதுவது இதுதான் முதல் தடவை. வயது 44, உயரம் 169 செ.மீ., எடை 91.6 கிலோ. போன மாத ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 6.1. "சர்க்கரை இன்னும் வீட்டுக்குள் வரவில்லை, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறது" என்றார் டாக்டர். எடையைக் குறைக்கச் சொன்னார். எப்படி என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் கீட்டோ (மாவுச்சத்தை அடியோடு குறைத்துக் கொழுப்பை அதிகம் சாப்பிடும் முறை) ஆரம்பித்து மூன்று வாரத்தில் 5 கிலோ இறக்கிவிட்டார். பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருப்பதை ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது காட்டுகிறார். அதைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை.

என் சாப்பாட்டை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். காலையில் 5 இட்லி. மதியம் சோறு: சாம்பாருக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம். நாலரை மணிக்கு டீ, கூட பஜ்ஜியோ மிக்சரோ. இரவு 4 தோசை. குடி, சிகரெட் கிடையாது. நடை என்றால் பைக்கில் இருந்து நாற்காலி வரை.

வீட்டில் பேச்சை எடுத்தேன். "சோறு வேண்டாம் என்றால் எனக்கு ஒரு வேலை மிச்சம். ஆனால் வேளைக்கு நாலு முட்டை அவித்து உரித்துக் கொடுக்க என்னால் ஆகாது" என்று பதில் வந்துவிட்டது.

கேள்வி இரண்டு. இது உண்மையிலேயே வேலை செய்யுமா? செய்தால், இறங்கியது இறங்கியபடி நிற்குமா?


#2 நூறுபாதாம் (மதுரை)

பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். பத்து வருடத்துக்கு முன் பேஸ்புக்கில் தமிழ் பேலியோ (தானியம், சர்க்கரையை விட்டு முட்டை, கறி, காய், பாதாம் என்று சாப்பிடும் முறை) அலை அடித்தபோது 2015-இல் குதித்தவன் நான். 104 கிலோவில் ஆரம்பித்து ஒன்பது மாதத்தில் 82.

அன்றைய நடைமுறை இதுதான். காலையில் 100 பாதாம், எண்ணி. முதல் நாள் காலையே தண்ணீரில் போட்டு, இரவு வடிகட்டி, துணியில் உலர்த்தி, அடி கனத்த வாணலியில் சின்னத் தீயில் வறுத்து வைக்க வேண்டும். மதியம் நெய்யில் வதக்கிய காய்கறியும் 4 முட்டையும். மாலையில் ஒரு கொய்யா. இரவு மீன் அல்லது கறி, வயிறு நிறைய. முதல் வாரம் தலைவலி, எரிச்சல். மனைவி என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். பத்தாவது நாள் விடிந்தபோது பசி என்ற ஒன்று எங்கே போனதென்று தெரியவில்லை. பதினோரு மணிக்கு வடை வாசனைக்குத் தலை திரும்பாத மனிதனாக ஆனது என் வாழ்க்கையில் அப்போதுதான்.

ஆக, வேலை செய்யும். அடித்துச் சொல்வேன்.

இரண்டாவது கேள்விக்கும் மறைக்காமல் பதில் சொல்கிறேன். 2017-இல் தங்கை கல்யாணம். மூன்று நாள் பந்தியில் உட்கார்ந்தேன். நாலாவது நாள் திரும்பப் பாதாம் ஊறப்போட வேண்டும், போடவில்லை, அவ்வளவுதான் நடந்தது. 2019-இல் 98. இப்போது திரும்ப இருந்து 88-இல் நிற்கிறேன்.


#3 சந்தேகப்பிராணி (சென்னை)

முதலில் அந்த பெல்ட் ஓட்டை.

சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கிளைகோஜனாக மாற்றி ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கும். மொத்தமாகச் சுமார் அரைக் கிலோ. ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சோற்றை நிறுத்திய சில நாளில் இந்தக் கையிருப்பு கரைய, தண்ணீரும் கூடவே போய்விடும். இன்சுலின் இறங்கும்போது சிறுநீரகம் உப்பையும் அதிகமாக வெளியே தள்ளும், அதோடும் தண்ணீர் போகும். முதல் வாரத்தில் 2 கிலோ குறைந்தால் அதில் கொழுப்பு கொஞ்சம்தான். நண்பர் ஒரு நாள் பிரியாணி சாப்பிட்டுப் பார்க்கட்டும், மறுநாள் பழைய ஓட்டைக்கே போக வேண்டியிருக்கும்.

நீண்ட காலக் கணக்கு வேறு. 2003-இல் அமெரிக்காவில் 63 பேரை வைத்து, மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைக்கும் அட்கின்ஸ் முறையையும் வழக்கமான கொழுப்புக் குறைப்பு முறையையும் ஒப்பிட்டார்கள். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் இரண்டிலும் அட்கின்ஸ்காரர்கள் முன்னால். ஒரு வருடம் முடிந்தபோது சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. 2018-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃபர் கார்ட்னர் குழு 609 பேரை எடுத்துக்கொண்டது. பாதிப் பேர் மாவுச்சத்தைக் குறைத்தார்கள், பாதிப் பேர் கொழுப்பை. இரு பக்கமும் காய்கறி நிறைய, மைதா, சர்க்கரை, பாக்கெட் தீனி கூடாது. கலோரி எண்ணச் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்து மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6.0 கிலோ இறங்கியிருந்தார்கள், கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3. அந்த 700 கிராம் தற்செயலாகவும் வரலாம்.

இந்தச் சண்டை ஒன்றும் புதிதல்ல. 1863-இல் லண்டனில் வில்லியம் பாண்டிங் என்ற சவப்பெட்டிக் கடைக்காரர் ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாம் விட்டு இளைத்துப்போய், அதைத் துண்டுப் பிரசுரமாகவே அச்சடித்து வெளியிட்டார். ஸ்வீடன் மொழியில் இன்றும் உடம்பைக் குறைப்பதற்கு 'பாண்ட்டா' என்றுதான் பெயர். பக்கத்து மேஜைக்காரருக்கு 160 வருடத்துக்கு முன்னாலேயே ஒருவர் பெல்ட்டைக் காட்டிவிட்டார்.


#4 நூறுபாதாம் (மதுரை)

609 பேரின் சராசரியை வைத்து நான் என்ன செய்வது? பசி என் வயிற்றில் அல்லவா இருக்கிறது. சோறு சாப்பிட்டால் இன்சுலின் ஏறும், இன்சுலின் இருக்கும் வரை கொழுப்பு பெட்டியில் பூட்டிக் கிடக்கும், இரண்டு மணி நேரத்தில் திரும்பப் பசிக்கும். சோற்றை விட்டால் பூட்டு திறக்கும். 2015-இல் நான் ஒரு கலோரி எண்ணவில்லை. எண்ணியதெல்லாம் பாதாம் மட்டும்.


#5 சந்தேகப்பிராணி (சென்னை)

100 பாதாம் எண்ணினீர்களே, அதுதான் கலோரி எண்ணுவது! சுமார் 700 கலோரி. அளவு போட்ட காலைச் சாப்பாடு. அதற்கு முன் காலையில் என்ன, எத்தனை பூரி என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

பூட்டு, பெட்டி கதையை ஆளை அறைக்குள் வைத்தே பரிசோதித்திருக்கிறார்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவர் 2021-இல் வெளியிட்டது: 20 பேர், நான்கு வாரம் ஆய்வுக்கூடத்திலேயே தங்கல். இரண்டு வாரம் கொழுப்பு மிகுந்த கீட்டோ சாப்பாடு, இரண்டு வாரம் மாவுச்சத்து மிகுந்த, கொழுப்பு குறைந்த சைவச் சாப்பாடு. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். சைவத்தில் இருந்தபோது சர்க்கரையும் இன்சுலினும் எகிறின. ஆனாலும் கீட்டோவை விட ஒரு நாளைக்கு ஏறக்குறைய 690 கலோரி குறைவாகவே சாப்பிட்டார்கள். இன்சுலின் ஏறினால் பசி வெறி பிடிக்கும் என்றால் இது நடந்திருக்கக் கூடாது.


#6 நூறுபாதாம் (மதுரை)

இரண்டு வாரம்! எனக்குத் தலைவலி தெளியவே பத்து நாள் ஆயிற்று. உடம்பு பழகுவதற்குள் பரீட்சையை முடித்துவிட்டார்கள். முன்னால் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டீர்கள்: ஆறு பூரி, மசால். சரி, அதை ஒப்புக்கொள்கிறேன்.


#7 சந்தேகப்பிராணி (சென்னை)

இரண்டு வாரம் குறைவு என்ற புகார் நியாயமானது. ஆறு பூரி சாப்பிட்டவர் பாதாமுக்கு மாறி இளைத்தார், எனக்கு அதில் சண்டையே இல்லை. அது இன்சுலினின் மாயம் என்பதில்தான் சண்டை. புரதம் கூடியது, பசி அடங்கியது, மிக்சர், பஜ்ஜி, பிஸ்கட் மூன்றும் ஒரே சட்டத்தில் தடை. எவ்வளவு சாப்பிட்டாலும் இளைக்கலாம் என்பது பொய். குறைவாகச் சாப்பிடுகிறோம் என்று தெரியாமலே குறைவாகச் சாப்பிட்டோம் என்றால் உண்மை.


#8 மோர்க்குழம்பு (கும்பகோணம்)

ஆய்வுக்கூடத்தில் யாரோ சமைத்துப் போட்டார்கள். இங்கே யார் போடுவது?

நாங்கள் சுத்த சைவம், முட்டைகூட வீட்டுக்குள் வராது. என் கணவருக்காக ஐந்து மாதம் சைவ கீட்டோ செய்து கொடுத்தேன். பனீர், கெட்டித் தயிர், தேங்காய், வேர்க்கடலை, கீரை. பருப்பில் மாவுச்சத்து இருக்கிறது என்று சாம்பாரையே ஒதுக்கி வைத்தார். ஒரு வாரத்துக்கு ஒன்றரைக் கிலோ பனீர், மளிகைக் கடைக்காரர் நாங்கள் ஏதோ ஓட்டல் ஆரம்பித்துவிட்டோம் என்று நினைத்தார்.

காலிஃபிளவர் சோறு பற்றி யாராவது புகழ்ந்து எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். பூவைத் துருவ வேண்டும், துணியில் போட்டுப் பிழிய வேண்டும், எண்ணெய் விட்டு ஈரம் போகக் கிளற வேண்டும். கைப்பிடித் துணியெல்லாம் அந்த வாடை. இவ்வளவும் செய்து அதன் மேல் ரசத்தை ஊற்றினால் கிடைப்பது ரசத்தில் விழுந்த காலிஃபிளவர். அவர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். நான் அதே அடுப்பில் மாமியாருக்குக் குழைந்த சாதம், பிள்ளைகளுக்கு சப்பாத்தி, இவருக்குப் பூ என்று மூன்று வகையில் நின்றேன்.

அவர் 8 கிலோ இறங்கினார், உண்மை. மூன்றாவது மாதம் சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது, மலச்சிக்கலும் சேர்ந்துகொண்டது. என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பத்து நாள் ஊருக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கீட்டோ முடிந்துவிட்டிருந்தது. நான் இல்லாததால்தான் முடிந்தது என்று அவர் இன்று வரை ஒப்புக்கொள்ளவில்லை.


#9 சந்தேகப்பிராணி (சென்னை)

நீங்கள் கேட்ட கேள்விதான் மொத்த விஷயமும். 2008-இல் வந்த ஓர் இஸ்ரேல் ஆய்வு இதற்குப் பொருத்தம். டிமோனா அணு ஆராய்ச்சி நிலையத்தில் 322 பேர், இரண்டு வருடம், மூன்று வகைச் சாப்பாடு. மாவுச்சத்து குறைத்தவர்கள் 4.7 கிலோ, மத்தியதரைக் கடல் பாணியில் சாப்பிட்டவர்கள் 4.4, கொழுப்பைக் குறைத்தவர்கள் 2.9 கிலோ இறங்கினார்கள். எண்களை விட எனக்குப் பிடித்தது, இரண்டு வருடம் கழித்தும் 84.6 சதவீதம் பேர் விடாமல் இருந்தது. காரணங்களில் ஒன்று, மதியச் சாப்பாட்டை வேலை செய்யும் இடத்துக் கேன்டீனே மூன்று வகையாகப் பிரித்துச் சமைத்துப் போட்டது. அந்தக் கேன்டீன் ஆள் பெயரை ஆய்வுக் கட்டுரையில் முதலில் போட்டிருக்க வேண்டும்.


#10 கம்பஞ்சோறு (தருமபுரி)

எதற்கு இவ்வளவு பாடு? அரிசியை விட்டுவிட்டு ராகிக் களி, சாமைச் சோறு, தினைப் பொங்கல் என்று மாறினால் மாவுச்சத்து தானாகக் குறைந்துவிடுமே. எங்கள் பாட்டன் களி தின்றார், தொப்பை இல்லை.


#11 தட்டுக்கணக்கு (கோவை)

நான் உணவியல் ஆலோசகர். 14 வருட அனுபவம், அதில் பத்து வருடம் சிறுதானியக் குழப்பத்தைத் தீர்ப்பதிலேயே போய்விட்டது.

100 கிராம் புழுங்கல் அரிசியில் மாவுச்சத்து சுமார் 77 கிராம். ராகியில் சுமார் 67. சாமை, வரகு இரண்டும் 65, 66. நார்ச்சத்து கூடுதல், ராகியில் கால்சியம் ஏராளம், சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் இது மாவுச்சத்து குறைந்த சாப்பாடு அல்ல. பாட்டன் களியைத் தின்றுவிட்டு ஏர் பிடிக்கப் போனார். நீங்கள் தின்றுவிட்டு இந்த இழையைப் படிக்கிறீர்கள்.

இதில் நம் நாட்டுத் தகவலே இருக்கிறது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர்களும் ஐசிஎம்ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) சேர்ந்து நடத்தும் பெரிய கணக்கெடுப்பின்படி, இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்தில் இருந்து வருகிறது. 2025-இல் வந்த அவர்களுடைய கட்டுரை, மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றுவதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்கிறது. மாவுச்சத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பருப்பு, பால், தயிர், முட்டை போன்ற புரதத்தை வைத்தவர்களுக்கு அபாயம் குறைவாக இருந்தது. 2022-இல் 18,090 பேரின் உணவை வைத்து அவர்கள் போட்ட கணக்கில், சர்க்கரையின் வாசலில் நிற்பவர்கள் மாவுச்சத்தை 50 முதல் 56 சதவீதத்துக்கும், புரதத்தை 18 முதல் 20 சதவீதத்துக்கும் கொண்டுவர வேண்டும் என்று வந்தது. கீட்டோ இல்லை, கவனியுங்கள். கீட்டோ என்றால் ஒரு நாளைக்கு 20 முதல் 50 கிராம் மாவுச்சத்துதான், கிட்டத்தட்ட 5, 10 சதவீதம்.

கணக்குப்பிள்ளை, உங்கள் தட்டைத் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். 5 இட்லி 50 கிராம், மூன்று தரம் சோறு 150, நான்கு தோசை 100. டீ, பஜ்ஜி சேர்க்காமலே 300 கிராம். புரதம்? சாம்பாரில் இருக்கும் பருப்பும் மோரும். நீங்கள் கீட்டோவுக்குப் போகாமல், மூன்று தரம் சோற்றை ஒன்றாக்கி, அந்த இடத்தில் சுண்டலோ முட்டையோ மீனோ வைத்தாலே எடை நகரும். அது பெல்ட்டில் ஓட்டை போடும் வேகத்தில் நகராது, அவ்வளவுதான்.


#12 வடலி (டொரொன்டோ)

நாங்கள் குரக்கன் என்று சொல்லுவதைத்தான் நீங்கள் ராகி என்கிறீர்கள். இங்கே எங்கள் ஆட்கள் குரக்கன் புட்டு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நினைத்துக் குழல் குழலாய் இறக்குவார்கள்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு விஷயம். எனது அத்தானுக்கு 56 வயது, நீரிழிவு, பல வருடமாய்க் குளிசை. போன மாரிகாலம் யூட்யூப் பார்த்துவிட்டு வைத்தியரிடம் சொல்லாமல் சோறு, பாண், கிழங்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினார். ஒன்பதாம் நாள் சத்தி, வயிற்று நோ, மூச்சு வாங்கினது. அக்கா விரலில் குத்திப் பார்த்தா, சர்க்கரை 190-க்குள்தான். "சீனி நல்லாய்த்தானே இருக்கு, கிருமி பிடிச்சிருக்கும்" என்று இஞ்சித் தேத்தண்ணி கொடுத்து ஒரு முழு இரவு வைத்திருந்தார்கள். விடிய ஆஸ்பத்திரிக்குப் போனால் ரத்தம் அமிலமாகிப் போச்சுது என்று நேரே தீவிர சிகிச்சைப் பிரிவு. தப்பிவிட்டார். சர்க்கரை ஏறாமலே இது வரும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.


#13 தட்டுக்கணக்கு (கோவை)

வடலி, இதை எழுதியதற்கு நன்றி. எல்லோரும் இந்தப் பதிவைப் படியுங்கள்.

சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மாத்திரை ரகம் ஒன்று உண்டு. டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று பெயர் 'ஃப்ளோசின்' என்று முடியும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது என்று இப்போது பலருக்கும் எழுதுகிறார்கள். அதைப் போட்டுக்கொண்டே மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அளவுக்கு மீறி ஏறி ரத்தம் அமிலமாகலாம். சர்க்கரை அளவு 250-க்குக் கீழேயே இருக்கும் என்பதால் ஏமாந்துவிடுவோம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-லேயே எச்சரித்தது. இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஆபத்து வேறு திசையில்: சாப்பாடு குறைந்து மருந்து குறையாவிட்டால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழலாம். மருந்தில் இருப்பவர்கள் முதலில் டாக்டரிடம் போய் அளவை மாற்றிக்கொண்ட பிறகுதான் தட்டை மாற்ற வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், சிறுநீரக நோயாளிகள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

கீட்டோ முதலில் மருத்துவ உணவாகப் பிறந்தது என்பதையும் மறக்கிறோம். 1921-இல் மாயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் வலிப்பு நோய்க்காக வகுத்தது. இன்றும் மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ள குழந்தைகளுக்குக் கண்காணிப்போடு கொடுக்கிறார்கள். கிராம் கணக்கில் எடை போட்டு, ரத்தம் பார்த்து.


#14 கணக்குப்பிள்ளை (தென்காசி)

எல்லாவற்றையும் படித்துவிட்டு, மாத்திரை எதுவும் எடுக்காததால் கீட்டோவே இருந்து பார்ப்பது என்று இறங்கிவிட்டேன். தட்டுக்கணக்கு மன்னிக்க வேண்டும், எனக்கும் ஓர் ஓட்டை வேண்டும்.

இன்றோடு இரண்டு வாரம். 88.7. முட்டையை நானே அவித்து உரித்துக்கொள்கிறேன். ஓடு சரியாக வராமல் முட்டை பாதியாகக் குறைவதும் எடை குறையக் காரணமாக இருக்கலாம். தலை மட்டும் கனமாகவே இருக்கிறது, மாடி ஏறினால் தொடை துவள்கிறது.


#15 சந்தேகப்பிராணி (சென்னை)

உப்புதான். முன்பே சொன்னேனே, சிறுநீரகம் தள்ளிவிடுகிறது. ரத்த அழுத்தம் இல்லை என்றால் மோரில் உப்புப் போட்டு இரண்டு டம்ளர், கூட எலும்பு சூப் அல்லது கீரைத் தண்ணீர். இரண்டு நாளில் தெளியும்.

2.9 கிலோவில் பாதிக்கு மேல் தண்ணீர் என்று சொல்லி உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்க மாட்டேன்.


#16 நூறுபாதாம் (மதுரை)

கெடுத்துவிட்டுத்தான் சொல்கிறார்.


#17 கணக்குப்பிள்ளை (தென்காசி)

ஆறாவது வாரம். 86.1. ரத்தம் எடுத்தேன். டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 238-இல் இருந்து 149. நல்ல கொலஸ்ட்ரால் ஹெச்டிஎல் 36-இல் இருந்து 40. ஆனால் கெட்ட கொலஸ்ட்ரால் எல்டிஎல் 128 இருந்தது 153 ஆகிவிட்டது. காலையில் வெண்ணெய் டீ, மதியம் எல்லாவற்றிலும் தேங்காய் எண்ணெய். பயப்படலாமா?


#18 நூறுபாதாம் (மதுரை)

வேண்டவே வேண்டாம். பேலியோவில் எல்டிஎல் எல்லோருக்கும் ஏறும். டிரைகிளிசரைடு இறங்கிவிட்டதா, ஹெச்டிஎல் ஏறிவிட்டதா, போதும். எல்டிஎல்லைப் பூச்சாண்டியாகக் காட்டுவது மாத்திரை விற்கிறவர்கள்.


#19 தட்டுக்கணக்கு (கோவை)

இதை விட முடியாது. எல்டிஎல் கூடினால் இதயக் குழாய் அடைப்பு கூடும் என்பதில் மருத்துவ உலகில் சந்தேகம் ஏதும் பாக்கி இல்லை. பிறவியிலேயே எல்டிஎல் அதிகமாக உள்ள குடும்பங்களில் நாற்பதுக்கு முன் மாரடைப்பு வருவதைக் கண் முன்னால் பார்த்திருக்கிறேன். "எல்லோருக்கும் ஏறும்" என்பதும் தப்பு. பலருக்கு ஏறுவதில்லை, சிலருக்குக் கொஞ்சம், சிலருக்குப் பயங்கரமாக ஏறும். உங்களுக்கு எது என்று ரத்தம் பார்த்தால்தான் தெரியும்.

கணக்குப்பிள்ளை, வெண்ணெய் டீயை இன்றே நிறுத்துங்கள். தேங்காய் எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய், கடலை எண்ணெய். வாரம் மூன்று நாள் மத்தி, அயிலை. இரண்டு மாதத்தில் திரும்பப் பாருங்கள்.


#20 நூறுபாதாம் (மதுரை)

பத்து வருடமாக வெண்ணெய் தின்கிறேன். நிற்கிறேன், நடக்கிறேன்.


#21 சந்தேகப்பிராணி (சென்னை)

ஹெல்மெட் போடாமல் பத்து வருடம் ஓட்டியவரும் இதையே சொல்வார்.


#22 நெறியாளர்

இரண்டு பேரும் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். கிளைகோஜன் இல்லாதவர் இரண்டு டம்ளராக.


#23 மோர்க்குழம்பு (கும்பகோணம்)

கணக்குப்பிள்ளை, உங்கள் மனைவி என்ன சாப்பிடுகிறார்? ஆறு வாரமாக ஒருவரும் கேட்கவில்லை.


#24 கணக்குப்பிள்ளை (தென்காசி)

நான்கு மாதம் ஆயிற்று. இடையில் எழுதாததற்குக் காரணம் வெட்கம்.

எட்டாவது வாரம் சித்தப்பாவின் அறுபதாம் கல்யாணம், பாபநாசத்தில். இலை போட்டாயிற்று. இடது மூலையில் இருந்து வருகிறார்கள்: உப்பு, ஊறுகாய், அவியல், பருப்பு வடை, சோறு, நெய், சொதி. நான் அவியலை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தேன். சித்தி பந்தி விசாரித்துக்கொண்டே வந்து, இலையைப் பார்த்து, "என்னய்யா, எங்க வீட்டுச் சோறு இறங்கலையா?" என்றாள். கீட்டோ அந்த நிமிஷம் முடிந்தது. சொதிக்கு இரண்டு தரம், பாயசம் இரண்டு டம்ளர். மறுநாள் காலை எடை பார்த்தால் 1.8 கிலோ கூடியிருக்கிறது. ஒரே நாளில்! ஒரு நாள் முழுக்கத் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அப்புறம் மூன்றாவது பதிவு நினைவுக்கு வந்தது. திரும்பச் சோற்றைக் குறைத்தேன், ஐந்து நாளில் 1.5 கிலோ போய்விட்டது. தண்ணீர் விஷயம் படித்தபோது புரியவில்லை, அன்றைக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு கீட்டோவுக்குத் திரும்பவில்லை. மோர்க்குழம்பு அக்கா கேட்ட கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டில் கேட்டேன். எனக்கு மீன் பொரித்துப் போட்டுவிட்டு அவள் என் பங்கு சோற்றையும் சேர்த்து, வீணாகக் கூடாது என்று சாப்பிட்டிருக்கிறாள். நான் 6 கிலோ இறங்க, அவள் 2 கிலோ ஏறியிருக்கிறாள்.

இப்போது இரண்டு பேருக்கும் ஒரே சாப்பாடு. காலையில் 2 இட்லி, ஒரு முட்டை, கூடவே சுண்டல் ஒரு கை. மதியம் சோறு ஒரே ஒரு எவர்சில்வர் கிண்ணம், கோபுரம் கட்டாமல் தலை தட்டி. அதில் பாதி சாம்பாருக்கு, பாதி ரசத்துக்கு. மோரைக் குடித்துவிடுவது. பொரியல் இரண்டு வகை, தட்டில் பாதி அதுதான். நாலரை மணிக்கு டீ மட்டும், பொரிகடலையோடு. இரவு அடை ஒன்று அல்லது மீன் குழம்போடு ஒரு தோசை. சாப்பிட்ட பிறகு இருபது நிமிஷம் இரண்டு பேரும் தெருமுனை வரை நடை.

இன்று காலை 83.9. இடுப்பு 108 செ.மீ. இருந்தது 99. எச்பிஏ1சி 5.7, இன்னும் வாசலை விட்டுப் போகவில்லை, ஆனால் செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டிருக்கிறது. எல்டிஎல் 131. கடைசி ஒரு மாதத்தில் இறங்கியது 700 கிராம்தான். வீட்டில் அவள் ஏறிய 2 கிலோவும் இறங்கிவிட்டது, கூட ஒரு கிலோவும்.

பக்கத்து மேஜைக்காரர் பழைய ஓட்டையைத் தாண்டி அடுத்த ஓட்டைக்குப் போய்விட்டார். இப்போதெல்லாம் சட்டையை வெளியே விட்டிருக்கிறார். நான் ஒன்றும் கேட்கவில்லை.


#25 நூறுபாதாம் (மதுரை)

நல்லது தம்பி. எனக்கு அந்த ஒரு கிண்ணம் வராது. கிண்ணத்தைப் பார்த்தால் சட்டி கேட்பேன். மொத்தமாக விடுவதுதான் எனக்குச் சுலபம். வெண்ணெய் டீயை மட்டும் விட்டிருக்கிறேன், யார் சொன்னதற்காகவும் இல்லை. சரி, போன வாரம் ரத்தம் எடுத்தேன். எண்ணைக் கேட்காதீர்கள்.


#26 தட்டுக்கணக்கு (கோவை)

கேட்கவில்லை. ரிப்போர்ட்டோடு உங்கள் டாக்டரைப் பாருங்கள், அது போதும். மொத்தமாக விடுவது சிலருக்கு நிஜமாகவே சுலபம், அதை நானும் பார்த்திருக்கிறேன். ஸ்டான்ஃபோர்டு ஆய்விலேயே ஒரே முறையில் இருந்தவர்களில் ஒருவர் 30 கிலோ வரை இறங்கினார், இன்னொருவர் 10 கிலோ ஏறினார்.


#27 வடலி (டொரொன்டோ)

அந்த எவர்சில்வர் கிண்ணம் எத்தனை மில்லி லீட்டர் பிடிக்கும்? அத்தானுக்கு அளவு சொல்ல வேண்டும். இப்போது வைத்தியரிடம் கேட்டுத்தான் எல்லாம்.


#28 கணக்குப்பிள்ளை (தென்காசி)

நாளைக் காலையில் அளந்து சொல்கிறேன். இப்போது அதில் மகன் ஐஸ்கிரீம் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.